நுரைக்காரர் வீட்டுக் கசிவு

அந்த ஊரில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். பட்டப்பெயர் வாங்கியவர் இவர் ஒருவர்தான். கேஸ் இறங்கிப்போன ஃபிரிட்ஜைக் கொடுத்தால் மற்றவர்கள் அரைமணி நேரத்தில் கேஸ் அடித்து அனுப்பிவிடுவார்கள். இவர் மாட்டார். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை நுரை பொங்கக் கலக்கி, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் குழாயின் ஒவ்வொரு வளைவிலும் தடவிக்கொண்டே போவார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கேதான் கசிவு. குமிழி கிளம்பும்வரை சோறு தண்ணீர் ஞாபகம் வராது. ஊர் அவருக்கு வைத்த பெயர் நுரைக்காரர்.

நுரை தடவும்போது வாய் சும்மா இருக்காது. "கேஸ் தானா எங்கயும் போயிடாதுங்க. மூடின குழாய்க்குள்ள சுத்துற சமாச்சாரம். கொறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டைய விட்டுட்டு கேஸ மட்டும் அடிக்கிறவன் மெக்கானிக்கா? பெட்ரோல் பங்க் ஆளு!" என்பார். எதிர்வரிசை பேக்கரி அம்மாவுக்கு இந்தப் பிரசங்கம் மனப்பாடம். அவர் நடுவில் எங்காவது இருமி நிறுத்தினால் அந்த அம்மாவே மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுக் கசிவை இரண்டு வருஷம் கவனிக்காமல் கோட்டைவிட்டார் என்பதுதான் இந்தக் கதை. அவரிடம் கேட்டால் மறுக்கமாட்டார். காதைச் சொறிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். நாற்பத்து நான்கு வயது. இளவயதில் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. கழுத்தில் ஒரு ஸ்டீல் விசில் தொங்கும். அவர் காலை ஒன்பது மணிக்கு ஊதினால் பள்ளி மைதானம் வரிசையாகும், இரண்டு தெருவுக்கு இந்தப் பக்கம் நுரைக்காரர் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். மாலை நாலுக்கு ஊதினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீக்குக் கிளம்புவார். கடைச் சுவரில் இருந்த கடிகாரம் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேட்டரி போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டிலும் அவர் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி குறும்பு.

ஒருநாள் ஒன்பது மணி விசில் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நுரைக்காரர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தார். முப்பது வருஷமாகக் கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது. காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினார். கல்லூரியில் படிக்கும் மகளிடம், "அப்பாகிட்ட கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்று சொல்லிவைத்தார். கடைக் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டார். இத்தனையும் செய்தவர், விசில் ஊதுகிறவர் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது ஐஸ் தட்டு விவகாரம்.

வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் நான்கு ஐஸ் தட்டுகள் உண்டு. காலையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார், சாயங்காலம் பார்த்தால் நான்கும் காலி. ஒரு துண்டு ஐஸ் இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்காது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் இது எவ்வளவு பெரிய அவமானம்! கதவு ரப்பரை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு மூன்று நாள் குறித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழாய் குழாயாக நுரை தடவினார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"என்னம்மா இது அதிசயமா இருக்கு! ஐஸ் உருகினா தண்ணியாவது இருக்கணுமில்ல? அதுவும் இல்லயே!" என்று மகளிடம் புலம்பினார்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, நெசமாவே உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஏதோ விளையாட்டுக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. அம்மாதான் திங்குறாங்க."

மறுநாள் நாலரை மணிக்கே வீட்டுக்கு வந்து பார்த்தார். டீச்சர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஸ்டீல் டம்ளர் நிறைய ஐஸை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கணவரைப் பார்த்ததும் டம்ளரை முந்தானைக்குள் மறைத்தார். ஐஸ் மறைந்தது, சத்தம் மறையவில்லை.

"நாலு தட்டையுமா டீச்சர்?"

"என்னமோ தெரியலங்க. வாய் கேட்டுக்கிட்டே இருக்கு. பள்ளிக்கூடத்துலயும் எப்படா வீட்டுக்குப் போய் ரெண்டு துண்டு கடிப்போம்னு இருக்கு."

நுரைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஃபிரிட்ஜில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நல்ல கணவன் என்ன செய்வான்? மனைவிக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுப்பான். இவர் யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன ஒரு பெரிய ஃப்ரீஸரைத் தட்டிக்கொட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினால் ஐஸ் கண்ணாடியாக வரும், அந்த வித்தையெல்லாம் காட்டினார். எட்டுத் தட்டு ஆயிற்று. "எங்க வீட்டு ஐஸ் மாதிரி ஊர்ல எங்கயும் கிடையாது" என்று பேக்கரி அம்மாவிடம் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில் கண்ணெதிரே நடந்த மற்றவற்றை எண்ணிப் பார்த்தால் எனக்கே அவர் மண்டையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது. டீச்சர் மாடியில் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் நின்று சுவரில் இருந்த விரிசலை ஆராய்ச்சி செய்வார். மூச்சு வாங்குவதை மறைக்க அந்த விரிசல் வசதியாக இருந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. விரல் நகங்கள் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் "டீச்சர் இப்ப நல்லா கலரா ஆயிட்டீங்க, என்ன சோப்பு போடுறீங்க?" என்று கேட்டார்கள். டீச்சரும் சோப்பின் பெயரைச் சொன்னார்! மூன்று வேளையும் சாப்பிட்டு எழுந்த கையோடு ஒரு கட்டி டீ குடித்தால்தான் உடம்பு நிமிரும் என்று அதையும் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் டீச்சர் ஒரு கவரைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். ராஜினாமாக் கடிதம். கீழே தேதி மட்டும் போடவில்லை.

"மாசக் கடைசில குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"என்ன டீச்சர், திடீர்னு?"

"திடீர்னு இல்லங்க. பிள்ளைங்கள ஓடச் சொல்லிட்டு நான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். விசில் ஊதினா முன் வரிசைக்கே கேக்கல. நேத்து ஒரு சின்னப் பொண்ணு வந்து, 'மிஸ், நான் ஊதட்டுமா?'ன்னு கேட்டுச்சு. பாவம், உதவி பண்ணத்தான் கேட்டுச்சு. எனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். ஒத்துக்க வேண்டியதுதானே?"

சொல்லிவிட்டு டீச்சர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த விசில் அவருக்கு வெறும் வேலை இல்லை. ஓடுவதை நிறுத்திய பிறகும் மைதானத்தை விட்டுப் போகாமல் அவரை வைத்திருந்தது அதுதான். நுரைக்காரர் கவரை அவர் பக்கமே தள்ளிவைத்தார். நாற்பத்து நாலு எல்லாம் ஒரு வயசா என்று முணுமுணுத்தார். தன் காதில் கோளாறு ஏதும் இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் அவருக்கு ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை. அந்த டாக்டரம்மா இவரைவிட இரண்டு பங்கு பேசுகிறவர். நுரைக்காரர் அன்று பிரசங்கம் எதுவும் செய்யாமல் நுரை தடவுவதைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு பெட்ரோல் பங்க் கதை இல்லயா?" என்று வம்புக்கு இழுத்தார்.

மனசு சரியில்லாததைக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று இவர் தன் பெருமையை எடுத்துவிட்டார். "நான் போடுற ஐஸ் இருக்கே டாக்டர், கண்ணாடி! எங்க டீச்சர் ஒரு நாளைக்கு எட்டுத் தட்டு காலி பண்றாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எட்டுத் தட்டு ஐஸா? கடிச்சா?"

"கடகடன்னு."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம் நின்னு நின்னு..."

"நகம் எப்படி இருக்கு? குழி விழுந்திருக்கா? முகம் வெளுத்திருக்கா?"

"ஆமா, எல்லாரும் கலர் ஆயிட்டாங்கன்னு..." என்று ஆரம்பித்தவர் டாக்டரின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல அவங்களக் கூட்டிட்டு வாங்க. ஐஸ் கொண்டு வராதீங்க."

டாக்டரம்மா டீச்சரின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய உட்புறம் வெள்ளைத்தாளாக இருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். குறைந்தது பன்னிரண்டு இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஏழரைதான் இருந்தது. உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை, அதில் நாலுதான் வந்தது.

"உங்களுக்கு வயசும் ஆகல, ஒண்ணும் ஆகல டீச்சர்" என்றார் டாக்டரம்மா. "இரும்புச்சத்து இல்ல. அது இருந்தாத்தான் ரத்தம் மூச்சுக்காத்தத் தூக்கிட்டு ஒடம்பு முழுக்கப் போகும். இப்ப உங்க ரத்தம் வெறுங்கையோட நடக்குது. அதான் மூச்சு வாங்குது, விசில் வரல. ஐஸ் ஏன் கேக்குதுன்னா, அது இந்தக் குறை இருக்குறவங்க சில பேருக்கு வர்ற ஆசை. சில பேருக்கு சாக்பீஸ், சில பேருக்கு மண்ணு. காரணம் எங்களுக்கே சரியா தெரியாது. இரும்பு ஏற ஆரம்பிச்சா மொதல்ல ஓடிப்போறதும் அந்த ஆசைதான்."

மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடவேண்டும், அதோடு டீ குடிக்கக் கூடாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பு ஏற்காது, ஆகவே ஒன்றரை மணி நேரமாவது தள்ளித்தான் டீ. கீரை, பயறு, முட்டை, கறி எல்லாம் சேர்க்கவேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படவேண்டாம்.

"சரி, இவ்வளவு இரும்பு எங்க போச்சுன்னு பாக்கணும். சில பேருக்கு சாப்பாடே போதாது. சில பேருக்குச் சாப்பிட்டது ஒடம்புல ஒட்டாது. வலி மாத்திரையத் தினமும் முழுங்குறவங்களுக்கு வயித்துல புண்ணாகி, தெரியாமலே ரத்தம் போகும். உங்களுக்கு மாசாமாசம் எப்படி? அதிகமா போகுதா?"

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். "எல்லாம் எப்பவும் போலத்தான் டாக்டர்."

டாக்டரம்மா நம்பவில்லை போலிருக்கிறது. வயிற்று ஸ்கேனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்துக்கு அடியில் உட்கார்ந்தது. வரும் வாரம் போகலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டே வாரத்தில் ஐஸ் ஆசை போய்விட்டது. ஒருநாள் நுரைக்காரர் ஃப்ரீஸரைத் திறந்தால் எட்டுத் தட்டும் அப்படியே இருந்தன, மேலே லேசாகப் பனி வேறு படிந்திருந்தது. தொழிலில் இத்தனை வருஷத்தில் எந்த ஃபிரிட்ஜைப் பார்த்தும் அவர் அப்படிக் கண் கலங்கியதில்லை. இரண்டு மாதத்தில் டீச்சர் மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். சுவர் விரிசலை அவர் மறந்தே போனார். ராஜினாமாக் கடிதம் அலமாரியில் துணிக்கு அடியில் போயிற்று. மாத்திரை அட்டை தீர்ந்தது. உடம்புதான் சரியாகிவிட்டதே, வயிற்றைப் பிசைகிற அந்த மாத்திரை இன்னும் எதற்கு? நிறுத்திவிட்டார். கதவிலிருந்த சீட்டின் மேல் மளிகைச் சாமான் பட்டியல் ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா, நாலு மாத்திரைல சரியாயிடுச்சு" என்று நுரைக்காரர் ஊரெல்லாம் சொன்னார்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை சீப்பில் முடி கொத்தாக வந்தது. அன்று சாயங்காலம் தட்டுகளில் இரண்டு காலி. அந்த வாரக் கடைசியில் கடிதம் துணிக்கு அடியிலிருந்து மேலே வந்தது. இந்தமுறை டீச்சர் தேதியும் போட்டுவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை. "ஒரு தடவ ஏமாந்தது போதும்ங்க. மாத்திரை போட்டா கொஞ்ச நாளைக்கு ஓடுது, அப்புறம் பழையபடி. இதுதான் இனிமே நானு" என்றார். இந்தமுறை அழவும் இல்லை. நுரைக்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பேக்கரி அம்மாவின் ஃபிரிட்ஜ் மக்கர் செய்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவசரத்துக்கு வேறு யாரையோ கூப்பிட்டுக் கேஸ் அடித்திருந்தார். அந்தக் குற்ற உணர்ச்சியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எவன் அடிச்சான் இந்த கேஸ?" என்று நுரைக்காரர் கிண்ணத்தைக் கலக்கினார்.

"ரெண்டு மாசம் நல்லாத்தானேங்க ஓடிச்சு?"

"ஓடத்தான் செய்யும். ரொப்பிவிட்டா ஓடாம என்ன பண்ணும்? ஓட்டைய யாரு பாத்தது? ரொப்பி ரொப்பி விட்டா அது பாட்டுக்குக் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஓட்டைய விட்டுட்டு கேஸ மட்டும் அடிக்கிறவன்..."

அங்கே நின்றுவிட்டார். பிரஷ் கையில் அப்படியே இருந்தது, நுரை முழங்கை வரை வழிந்தது. இருமினாரோ என்று நினைத்து பேக்கரி அம்மா வழக்கம்போல எடுத்துக் கொடுத்தார். "மெக்கானிக்கா? பெட்ரோல் பங்க் ஆளு!"

"ஆமாங்க" என்றார் நுரைக்காரர். "பெட்ரோல் பங்க் ஆளுதான்." கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். குமிழி கிளம்பாமல் அவர் ஒரு ஃபிரிட்ஜை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

வீட்டில் மளிகைப் பட்டியலுக்கு அடியிலிருந்து சீட்டை உருவினார். டீச்சர் பள்ளியிலிருந்து வந்ததும் பின்கட்டுப் படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கேட்டார்.

"டீச்சர், எங்க கசியுது?"

டீச்சர் கொஞ்ச நேரம் ஐஸைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார். இரண்டு வருஷமாக மாசாமாசம் எட்டு நாள், பத்து நாள். கட்டி கட்டியாகப் போகிறது. பையில் எப்போதும் மாற்றுத்துணி. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது மூச்சுக்காக மட்டும் இல்லை. "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன். இதப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்களும் கேக்கல."

"நான் ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாத்திட்டு இருந்தேன்" என்றார் நுரைக்காரர். வெட்கத்தில் அவர் முகம் சுண்டிப்போனது. அந்த வெட்கம் அவருக்கு வேண்டியதுதான். அடுத்த நிமிஷம் டம்ளரை டீச்சர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை கடிதம் குடுக்கக் கூடாது. நாளைக்கு ஸ்கேன். அது முடியட்டும், அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றார். டீச்சர் சரி என்று தலையாட்டினார்.

கர்ப்பப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நார்க்கட்டி. பயப்படவேண்டிய கட்டி இல்லை, ஆனால் மாசாமாசம் ரத்தத்தை வாரி இறைத்தது அதுதான். "நுரைக்காரரே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று டாக்டரம்மா ஒரு பாட்டம் கேலி செய்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். மாத்திரையும் திரும்பத் தொடங்கியது. ரத்தம் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது, கையிருப்பு நிரம்பும்வரை மாதக்கணக்கில் போடவேண்டும் என்று டாக்டரம்மா இந்தமுறை இருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நுரைக்காரர் மாத்திரைக்கு நேரம் தவறாமல் எலுமிச்சை பிழிந்தார். டீ டப்பாவை மேல் பரணில் ஏற்றினார். மகள் அவருக்கு "இரும்பு இன்ஸ்பெக்டர்" என்று பெயர் வைத்தாள்.

டீச்சர் நீண்ட விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போன அன்று காலை நுரைக்காரருக்குக் கடையில் வேலை ஓடவில்லை. வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஸ்கேன் சீட்டு இருந்த இடத்தில் வேறொரு தாள் இருந்தது. தொடர் ஓட்டத்துக்கு எட்டுப் பெண்களின் பெயர்களை டீச்சர் எழுதியிருந்தார். தாளைத் திருப்பினால் ராஜினாமாக் கடிதம். அதைக் காலையில் பார்த்துவிட்டு வந்தவர், கம்ப்ரஸரைப் போடாமல் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேக்கரி அம்மா எட்டிப் பார்த்தார். "மணி ஒன்பதாகப் போகுது, இன்னும் ஆரம்பிக்கலயா? என் ஃபிரிட்ஜுக்கு இன்னொரு பாகம் மாத்தணும்னு நேத்து சொன்னீங்களே?"

"கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டினார்.

இரண்டு தெருவைத் தாண்டி விசில் வந்தது. நீளமாக, நடுவில் உடையாமல், தெருநாயைக்கூட எழுப்பிவிடுகிற சத்தத்தில் வந்தது. நுரைக்காரர் எழுந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதிலிருந்த பேட்டரியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.